தப்பாகப் பேசினாலும் மரியாதை போகாத வகுப்பு

புதிதாக ஆங்கில ஆசிரியை ஆகியிருக்கும் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, பணி ஆணை கைக்கு வந்த நாள் முதல் நீ கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, பிள்ளைங்களுக்கு என் வகுப்பு பிடிக்கணும். அதே சமயம் வகுப்பு கைமீறிப் போயிடவும் கூடாது. ரெண்டும் சேர்ந்து நடக்குமா?"

நடக்கும். ஒன்று சரியாக இருந்தால்தான் மற்றதும் நடக்கும்.

பள்ளி முடித்துப் போன பிள்ளைகளிடம், எந்த டீச்சரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேட்டுப் பார். "கிராமர் சூப்பரா நடத்துவாங்க" என்பது பிறகுதான் வரும். "எல்லாரையும் ஒரே மாதிரி பார்ப்பாங்க", "தெரியலைன்னு சொன்னா அசிங்கப்படுத்த மாட்டாங்க", "சொன்னா சொன்னபடி செய்வாங்க" என்பவைதான் முதலில் வரும். இவை ஓர் ஆசிரியரின் நெறியைப் பற்றிய பேச்சு. அந்த நெறியைப் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள்? நீ யாரைக் கேள்வி கேட்கிறாய், யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறாய், யார் கேலி செய்ததைத் தடுக்கிறாய், நோட்டை என்றைக்குத் திருப்பித் தருகிறாய் என்பதில்தான் பார்க்கிறார்கள். பி.எட். படிக்கும்போது ஆசிரியர் நெறி ஓர் அலகு, வகுப்பறை மேலாண்மை இன்னோர் அலகு என்று தனித்தனியே எழுதியிருப்பாய். வகுப்புக்குள் போனபின் இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகளின் மனநிறைவு அங்கிருந்துதான் வருகிறது.

மொழி வகுப்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கணக்கில் செய்த தப்பு நோட்டுக்குள் இருக்கும், அழித்துவிடலாம். ஆங்கிலத்தில் தப்பு வாய் வழியே வருகிறது, நாற்பது பேர் காதில் விழுகிறது. எலைன் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1986இல் அந்நிய மொழி வகுப்பில் மாணவருக்கு வரும் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். பேசுவதற்கான பயம், தேர்வுப் பயம், மற்றவர்கள் நம்மை மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம் ஆகிய மூன்றும் அந்தப் பதற்றத்தில் கலந்திருப்பதாக அவர்கள் சொன்னார்கள். நம் ஊர்ப் பள்ளியில் மூன்றாவது பயம்தான் பிள்ளையின் வாயை அடைக்கிறது. அதைப் போக்குவதுதான் உன் முதல் வேலை. எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. முதல் வாரத்தில் பெயர்களைப் படி

முதல் பாடத்தை அவசரமாக ஆரம்பிக்காதே. முதல் வாரத்துக்குள் அத்தனை பேரின் பெயரையும் மனப்பாடம் செய். வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வரவேண்டும். "ஏய் பச்சை ரிப்பன்", "கடைசி பெஞ்ச்" என்று கூப்பிட்டால், தான் இந்த வகுப்பில் ஓர் ஆள் இல்லை என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள். வீட்டில் அழைக்கும் பெயர் வகுப்பில் வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை மதித்து நட.

அதே வாரத்தில் விதிகளைப் பேசு. மூன்று போதும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்பது; தப்புக்கு யாரும் சிரிக்காமல் இருப்பது; தெரியாவிட்டால் தெரியாது என்று தைரியமாகச் சொல்வது. இவற்றைப் பிள்ளைகளின் வாயிலிருந்தே வரவழைத்து, அவர்கள் கையெழுத்திலேயே சார்ட்டில் எழுதி மாட்டு. அந்த மூன்றும் உனக்கும் பொருந்தும். ஒரு பையன் திக்கித் திக்கி வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ குறுக்கே புகுந்தால், முதல் விதியை மீறியவள் நீ. பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள்.

2. சாதி, வருமானம், உதவித்தொகை பற்றி வகுப்பில் வாய் திறக்காதே

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சாதியின் பேரில் தாக்கப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது, ஆசிரியர் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டிக் கூப்பிடக் கூடாது என்று அது பரிந்துரைத்தது.

நீ செய்ய வேண்டியது எளிது. "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்" என்ற குரல் உன் வகுப்பில் கேட்கவே கூடாது. உரிய பிள்ளையைத் தனியே அழைத்துப் படிவத்தைக் கொடு. வேறு யாராவது வந்து அப்படி அறிவிக்கப் பார்த்தால், "பேர் லிஸ்ட் குடுங்க சார், நான் சொல்லிக்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொள். ஒரு பிள்ளையை வகுப்பு முன்னால் அப்படி எழுப்பி நிறுத்திவிட்டு, அடுத்த பாடவேளையில் அதே பிள்ளையிடம் "தைரியமா இங்கிலீஷ் பேசு" என்று சொல்வதில் அர்த்தம் கிடையாது.

இருக்கை விஷயத்திலும் கவனமாக இரு. அகர வரிசையில் உட்கார வை, அல்லது வாரம் ஒருமுறை வரிசையை முன்பின்னாகச் சுழற்று. யாரும் நிரந்தரமாகக் கடைசி பெஞ்ச்காரர் ஆகிவிடக் கூடாது.

3. கேள்வி முதலில், பெயர் பிறகு, அதன்பின் காத்திரு

புதிதாக வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முன்வரிசையில் கை தூக்கும் ஐந்தாறு பேரிடமே பாடம் நடத்துவார்கள். வகுப்பு நன்றாகப் போவது போலத் தெரியும். மீதி முப்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஐஸ்கிரீம் குச்சிகளில் எல்லாப் பெயர்களையும் எழுதி ஒரு டம்ளரில் போட்டு வை. முதலில் கேள்வியைக் கேள். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிப் பார்க்கச் சொல். பிறகு குச்சியை எடு. "மிஸ் என்னை மட்டும் கேக்குறாங்க", "மிஸ் என்னைக் கேக்கவே மாட்டேங்குறாங்க" என்ற இரண்டு வருத்தங்களும் இதில் தீரும். பக்கத்துப் பிள்ளையோடு ஒத்திகை பார்த்துவிட்டதால் எழுந்து நின்று சொல்லும்போது நடுக்கமும் குறையும்.

குச்சியில் பெயர் வந்ததும் காத்திரு. 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேச முன்வந்தார்கள். சொந்த மொழியில் அறிவியல் பேசும் பிள்ளைக்கே அந்த மூன்று விநாடி தேவைப்பட்டது. தமிழில் யோசித்து, ஆங்கிலச் சொல்லைத் தேடி, வாக்கியம் கட்டிப் பேச வேண்டிய நம் பிள்ளைக்கு இன்னும் அதிகம் வேண்டும். மனசுக்குள் ஐந்து வரை எண்ணு. அந்த நேரத்தில் அதன் முகத்தையே உற்றுப் பார்க்காமல், புத்தகத்தையோ கரும்பலகையையோ பார்.

"தெரியல மிஸ்" என்றால், "சரி, ரெண்டு பேர் சொல்றதைக் கேளு, திரும்ப உன்கிட்ட வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறக்காமல் திரும்பி வா. திரும்பி வருவதுதான் முக்கியம். மறந்துவிட்டால் நீ அந்தப் பிள்ளையைக் கைவிட்டதாகத்தான் ஆகும்.

4. தப்பைத் திருத்து, பிள்ளையைத் திருத்தாதே

"எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்" என்று ஒரு மாணவி சொல்கிறாள். "ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்!" என்று நீ சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறாய். மென்மையான வழிதான். ஆனால் அவளுக்கு அது திருத்தமாகவே கேட்டிருக்காது. கனடாவின் மான்ட்ரியல் பகுதியில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளின் வகுப்புகளை ஆராய்ந்து ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கும் மேல் இந்த வகைதான். அதற்கு மாணவர்கள் ஏதாவது எதிர்வினை காட்டியதோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாணவரின் வாயிலிருந்தே விடையை வரவழைக்கப் பார்த்தபோது எதிர்வினை தவறாமல் வந்தது.

அதனால் இப்படிச் செய்: "எஸ்டர்டே ஐ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு அவளைப் பார். அவளே "வென்ட்" என்று சொல்ல இடம் கொடு. சொல்லிவிட்டால், தன்னைத் தானே திருத்திக்கொண்ட பெருமை அவளுடையது. சொல்ல வராவிட்டால் பக்கத்துத் தோழி உதவட்டும்.

எதை எப்போது திருத்துவது என்பதிலும் ஒரு கணக்கு வை. இன்றைய பாடம் இறந்தகாலம் என்றால் அதை மட்டும் உடனே திருத்து. பிள்ளை ஓர் அனுபவத்தை ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நடுவில் நிறுத்தாதே. காதில் விழுந்த தப்புகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி எல்லோருமாகச் சரிசெய்யுங்கள்.

உச்சரிப்பை ஒருபோதும் மிமிக்ரி செய்யாதே. "ஃபேன்" என்பதை "பேன்" என்று சொல்வதும், "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்று சொல்வதும் தாய்மொழியின் ஒலி வழக்கத்தால் வருவது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீ ஒருமுறை அப்படிச் சொல்லிக் காட்டிச் சிரித்தால், அந்தப் பிள்ளைக்கு அதுவே வருடம் முழுக்கப் பட்டப்பெயர் ஆகிவிடும். யாராவது சிரித்தால் அன்றே, அங்கேயே பாடத்தை நிறுத்து. "இது நம்ம ரெண்டாவது விதி" என்று சார்ட்டைக் காட்டு. குரலை உயர்த்த வேண்டாம். ஆனால் ஒருமுறைகூடக் கண்டும் காணாமல் விடாதே.

5. தமிழுக்கு அபராதம் போடாதே

தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் ஃபைன், தமிழில் பேசியவர் பெயரைப் பலகையில் எழுதுவது, இதெல்லாம் சில பள்ளிகளில் இன்றும் உண்டு. உன் வகுப்பில் வேண்டாம். வீட்டில் அம்மாவோடு பேசும் மொழியைக் குற்றமாக்கிவிட்டு, இன்னொரு மொழியை ஆசையோடு படி என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. ஃபைனுக்குப் பயந்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாற மாட்டார்கள், பேசுவதையே நிறுத்திவிடுவார்கள்.

எப்போது தமிழ், எப்போது ஆங்கிலம் என்று நீ முடிவு செய்து அவர்களிடமும் சொல்லிவிடு. புதுச் செயல்பாட்டை விளக்கும்போது, நுட்பமான ஓர் இலக்கண வேறுபாட்டைப் புரியவைக்கும்போது, மனம் நொந்த பிள்ளையிடம் பேசும்போது தமிழ். "ஓப்பன் யுவர் புக்ஸ்", "மே ஐ கம் இன்", "கேன் யூ சே இட் அகெய்ன்" போன்ற தினசரிப் பேச்சு எப்போதும் ஆங்கிலம். முதல் மாதம் பத்து வாக்கியம், அடுத்த மாதம் இன்னும் பத்து என்று அந்தப் பட்டியல் வளரட்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் வீட்டுமொழி தமிழ்தான் என்றும் நினைத்துவிடாதே. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழே இரண்டாம் மொழி. நீ தமிழில் விளக்கிய பிறகும் அவர்கள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்.

6. சத்தத்தைக் கண்டு பயப்படாதே

தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து வரும்போது வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வருடம் முழுவதும் அமைதியாக இருக்கும் ஒரு மொழி வகுப்பில் யாரும் பேசக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. இருவர் இருவராகப் பேசிப் பழகும் சத்தம் வேண்டிய சத்தம். செயல்பாடு என்னவென்று புரியாமல் எழும் சத்தம் உன் ஏற்பாட்டில் உள்ள குறையைக் காட்டும். முதல் வகையைப் பற்றித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வை: "சார், புதன்கிழமை மூணாவது பீரியட் பேச்சுப் பயிற்சி, கொஞ்சம் சத்தம் இருக்கும்."

ஜேக்கப் கவுனின் என்ற உளவியலாளர் ஏராளமான வகுப்புகளைப் படமெடுத்து ஆராய்ந்து 1970இல் ஒரு புத்தகம் எழுதினார். நன்றாக நடக்கும் வகுப்புக்கும் கலைந்துபோகும் வகுப்புக்கும் உள்ள வித்தியாசம், குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் என்ன செய்தார் என்பதில் இல்லை என்று அவர் கண்டார். வகுப்பின் எல்லா மூலையிலும் கண் வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் நகர்த்துவது, எல்லோர் கையிலும் வேலை இருக்கும்படி பார்ப்பது ஆகியவற்றில்தான் வித்தியாசம் இருந்தது.

நம் வகுப்புக்கு இதை இப்படிக் கொண்டு வா:

• மணி அடித்ததும் வகுப்பில் இரு. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நடைமுறையில் ஐம்பது பேர் இருக்கும் வகுப்பும் உண்டு. அங்கே உன் ஐந்து நிமிடத் தாமதம் பாதிப் பாடவேளையைத் தின்றுவிடும்.

• நீ உள்ளே நுழையும்போதே செய்ய ஏதாவது வேலை பலகையில் இருக்கட்டும். நேற்றுப் படித்த ஐந்து சொற்கள், எழுத்து மாறிக் கிடக்கும் ஒரு வாக்கியம், எதுவானாலும் சரி.

• என்ன செய்ய வேண்டும், யாரோடு, எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் சொல்லிவிட்டுத் தாளைக் கொடு. முதலில் தாளைக் கொடுத்தால் நீ சொல்வது யார் காதிலும் விழாது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "இப்ப என்ன செய்யணும்?" என்று தமிழிலேயே திருப்பிச் சொல்ல வை.

• பெஞ்சை நகர்த்தி வட்டம் போட இடம் இல்லாவிட்டால் விட்டுவிடு. ஒற்றைப்படை வரிசைப் பிள்ளைகள் பின்பக்கம் திரும்பினாலே நான்கு பேர் கொண்ட குழு தயார்.

• நிறுத்துவதற்கு ஒரு சைகை வை. கையை உயர்த்து; பார்த்தவர்களும் உயர்த்தட்டும். மேசையை ஸ்கேலால் தட்டத் தேவையில்லை.

7. தண்டனையில் ஆங்கிலத்தைச் சேர்க்காதே

குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. இரண்டாவது பாதியைப் பலர் படிப்பதே இல்லை. "நீயெல்லாம் எதுக்கு ஸ்கூலுக்கு வர்ற" என்பதும் துன்புறுத்தல்தான்.

இம்போசிஷன் என்று ஒரு பதிலை ஐம்பது முறை எழுதச் சொல்வதையும் விட்டுவிடு. மொழிப்பாடத்தையே தண்டனையாகக் கொடுத்தால், அந்த மொழிமேல் வெறுப்புதான் வளரும். ஒருவர் செய்ததற்கு வகுப்பையே நிற்க வைப்பதும் வேண்டாம். செய்யாத முப்பத்தொன்பது பேருக்கு அது அநியாயம். வகுப்பு நியாயமாக நடக்கவில்லை என்ற கசப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? பேசிக்கொண்டே அந்தப் பெஞ்ச் பக்கம் நடந்து போய் நில். பாதி அடங்கிவிடும். அடங்காவிட்டால் அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி பெயரைச் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொல். அதற்கும் மேல் போனால், வகுப்பு முடிந்ததும் நாலு பேர் பார்வையில் இருக்கும் வராந்தாவில் நிறுத்தி, "என்னப்பா ஆச்சு இன்னிக்கு?" என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான், வீட்டில் சண்டையாக இருக்கும், பாடம் புரியாததை மறைக்கக் குறும்பு செய்திருப்பான். மறுநாள் அவனைப் புது ஆளாக நடத்து. நேற்றையதை இன்று இழுக்காதே.

வீட்டுக்கு ஃபோன் செய்வது குறை சொல்ல மட்டும் என்று வைத்துக்கொள்ளாதே. "உங்க பொண்ணு இன்னிக்கு நாலு வரி தானா எழுதினா" என்று சொல்ல ஒருமுறை கூப்பிட்டுப் பார். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா வேலையை விட்டுவிட்டு வருவார்.

8. நோட்டும் மதிப்பெண்ணும்

வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்னால் வெள்ளிக்கிழமை தா. ஐம்பது நோட்டை ஒரே வாரத்தில் முழுதாகத் திருத்த முடியாது என்றால், இந்த வாரம் முதல் பத்தி மட்டும் பார்ப்பேன் என்று முன்னாலேயே சொல். பார்க்காமல் டிக் மட்டும் அடித்த நோட்டை ஆறாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். சிவப்பு மையால் பக்கத்தை நிரப்பாமல், நன்றாக வந்த ஒன்றையும் மாற்ற வேண்டிய இரண்டையும் குறித்துக் கொடு.

மதிப்பெண்ணை உரக்கப் படிக்காதே. தாளை மடித்துக் கையில் கொடு. எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற அளவைத் தேர்வுக்கு முன்பே பலகையில் எழுதிவிடு. கூட்டலில் பிழை இருப்பதாக ஒரு பிள்ளை வந்தால், நன்றி சொல்லி உடனே திருத்து. கேட்பதற்குப் பயப்படாத வகுப்பில்தான் சந்தேகங்களும் வெளியே வரும்.

பத்தாம் வகுப்பில் மெமோரிட்டர் பாட்டும் மனப்பாடக் கட்டுரையும் மதிப்பெண் வாங்கித் தரும். அதைச் சொல்லிக்கொடு, தப்பில்லை. ஆனால் வருடம் முழுக்க அது மட்டுமே என்றால், நூற்றுக்கு எண்பது வாங்கியும் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் போகும் பிள்ளை நாளைக்கு நம்மைத்தான் நினைத்து நொந்துகொள்ளும்.

உன் மாணவருக்கே காசுக்கு டியூஷன் எடுக்காதே. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 28 ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் யோசித்துப் பார்: டியூஷனுக்கு வரும் பிள்ளைக்கு நீ நியாயமாகவே ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டாலும், வராத பிள்ளை அதை நம்பாது.

9. மெல்ல மலரும் மாணவரை முத்திரை குத்தாதே

"ஸ்லோ லேர்னர்ஸ் எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று வகுப்பைப் பிரிக்காதே. ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சோதனையைச் சொன்னார்கள். குலுக்கல் முறையில் எடுத்த சில பிள்ளைகளை, இவர்கள் வேகமாக முன்னேறப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சிறு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே கூடுதல் முன்னேற்றம் காட்டினார்கள். அந்த ஆய்வைப் பற்றிப் பின்னால் நிறைய வாதம் நடந்தது. ஆனாலும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடுகிறது என்பதை வகுப்பில் நிற்கும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒரே வேலையில் படிகள் வை. எல்லோரும் ஒரு படத்தைப் பார்த்து எழுதட்டும். சிலர் ஐந்து சொல், சிலர் மூன்று வாக்கியம், சிலர் ஒரு பத்தி. எது என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். தேர்ச்சிக்கு வேண்டிய 35 மதிப்பெண்ணுக்கான குறைந்தபட்சக் குறிப்பைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதைக் கொடுக்கும்போது, "இது முதல் படி, அடுத்தது பொங்கலுக்கு அப்புறம்" என்று சொல்லிக் கொடு. உனக்கு இவ்வளவுதான் என்று கேட்கும்படி கொடுக்காதே.

10. பிள்ளை எழுதியதைப் பத்திரமாக வை

மற்றப் பாட ஆசிரியர்களுக்கு இல்லாத பொறுப்பு ஒன்று நமக்கு உண்டு. பிள்ளைகள் நம்மிடம்தான் தங்கள் வாழ்க்கையை எழுதித் தருகிறார்கள். அப்பாவைப் பற்றி எழுது என்று எல்லோருக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்தால், அப்பா இல்லாத பிள்ளை அந்தப் பாடவேளை முழுக்க என்ன செய்யும்? கோடை விடுமுறையில் போன ஊரைப் பற்றி எழுதச் சொன்னால், விடுமுறை முழுக்க வேலைக்குப் போன பையன் என்ன எழுதுவான்? எப்போதும் மூன்று தலைப்பு கொடு. எனக்குப் பிடித்த ஒருவர், எங்கள் தெரு, நான் கற்றுக்கொண்ட ஒரு வேலை என்று அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும்.

எழுதியதைக் கேட்காமல் வகுப்பில் படித்துக் காட்டாதே. ஆசிரியர் அறையில் கதையாகச் சொல்லாதே. நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்காதே. பிள்ளைகளை வைத்து ரீல்ஸ் போடாதே. மாணவரோடு தனிப்பட்ட சாட் வேண்டாம். வகுப்புக் குழுவில், பெற்றோர் எண்ணில், பகல் நேரத்தில் பேசு.

இதில் விதிவிலக்கு ஒன்றுதான். ஒரு பிள்ளை எழுதியதில் அடி, பாலியல் தொல்லை, கல்யாண ஏற்பாடு போன்ற ஆபத்து தெரிந்தால் அதை ரகசியமாக வைக்க உனக்கு உரிமை இல்லை. பாலியல் குற்றம் என்ற சந்தேகம் வந்தாலே புகார் அளித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதி வை. பிள்ளையிடம், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே. "உன்னைப் பாதுகாக்க யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்.

11. அவர்களையே கேள்

பிள்ளைகளுக்குத் திருப்தியா என்று தெரிந்துகொள்ள நேரான வழி கேட்பதுதான். பருவத்துக்கு இருமுறை துண்டுத்தாள் கொடு. பெயர் வேண்டாம், தமிழில் எழுதலாம். மூன்று கேள்வி போதும்: எது புரிய உதவியது? எப்போது பேசப் பயமாக இருந்தது? நான் எதை மாற்ற வேண்டும்? படித்துவிட்டு அடுத்த வாரமே, "நிறைய பேர் வேகமா போறேன்னு எழுதியிருக்கீங்க, இனிமே டிக்டேஷன் ரெண்டு தடவை சொல்றேன்" என்று அறிவித்துச் செய்து காட்டு. மாற்ற முடியாததை ஏன் முடியாது என்றும் சொல். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம். கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று கண்டுபிடிக்கப் பார்க்காதே.

திருப்தி என்பதைச் செல்லம் கொடுப்பது என்று எடுத்துக்கொள்ளாதே. சாக்லேட்டும் சினிமாக் கதையும் அந்த ஒரு பாடவேளையை இனிமையாக்கும். ஆண்டுக் கடைசியில் பிள்ளைக்கு மனம் நிறைவது, "எனக்கு இது வருது" என்று உணரும்போதுதான். வீட்டுப்பாடம் கேட்கும் கண்டிப்பான ஆசிரியரைப் பிள்ளைகள் விரும்புவதும் இதனால்தான். கண்டிப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் அவர்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் பார்க்காதே, தங்கச்சி. எமிஸ் தளத்தில் பதிவு, பாடக்குறிப்பு, பயிற்சிக் கூட்டம் என்று வேலைகள் உன்னைச் சுற்றி நிற்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் பெயர்களும் மூன்று விதிகளும். இரண்டாம் வாரம் பெயர்க் குச்சியும் காத்திருப்பதும். மூன்றாம் வாரத்திலிருந்து திருத்தும் முறை. மாதக் கடைசியில் துண்டுத்தாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகைப் பட்டியலின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்த வாரம் வகுப்பில் ஒரு வாக்கியமாவது பேசியவர்களின் பெயருக்கு நேரே புள்ளி வை. புள்ளி விழாத பெயர்கள்தான் உன் அடுத்த வாரப் பாடத்திட்டம். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கு. புள்ளி இல்லாத பெயர் ஒன்றுகூட இல்லாத வாரம் வரும்போது, உன் வகுப்பு பிடித்திருக்கிறதா என்று நீ யாரையும் கேட்க வேண்டியிருக்காது.